மாதம் பத்து வெள்ளி எங்கே போகிறது?

கேள்வி: வணக்கம் ஐயா. மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஒன்பது வருஷமாக வேலை செய்கிறேன். ஆபரேட்டராகச் சேர்ந்து இப்போது லைன் லீடர். அடிப்படைச் சம்பளம் 2,400 வெள்ளி (ரிங்கிட்). போன வருஷம் ரகசிய வாக்கெடுப்பு நடந்து எங்கள் யூனியனுக்கு அங்கீகாரம் கிடைத்தது. நான் இன்னும் சேரவில்லை. கூட வேலை செய்யும் தோழி தினமும் ஃபாரத்தை நீட்டுகிறாள். செயலவையில் செயலாளர் இடம் காலி, நீதான் வர வேண்டும் என்கிறாள். என் அண்ணன் பிறை வட்டாரத்தில் வேறொரு கம்பெனியில் சூப்பர்வைசர். “பேர் கொடுத்தால் உன் புரமோஷன் அவ்வளவுதான். ரொம்ப ஆட்டம் போட்டால் கம்பெனி வியட்நாமுக்குப் போய்விடும்” என்கிறார். மாமனார், ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். “முப்பது வருஷம் சந்தா வெட்டினான், எஸ்டேட்டை விற்றபோது ஒருத்தனும் வரவில்லை” என்கிறார். அம்மாவும் எண்பதுகளில் பாயான் லெப்பாஸில்தான் வேலை செய்தார். அவர் மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. நான் சேராமல் இருந்தாலும் சம்பள உயர்வு எல்லோருக்கும்தானே வரும்? அப்புறம் மாதம் பத்து வெள்ளி சந்தா எதற்கு?

பாயான் லெப்பாஸ் வாசகி

பதில்: தங்கச்சி, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். வரும். சேராவிட்டாலும் வரும். யூனியனும் கம்பெனியும் கையெழுத்திடும் கூட்டு ஒப்பந்தத்தைத் தொழிலியல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால், அந்த ஒப்பந்தத்துக்குள் வரும் தொழிலாளர் அத்தனை பேருக்கும் அது பொருந்தும் என்கிறது 1967-ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டம். உறுப்பினர், உறுப்பினர் அல்லாதவர் என்ற பிரிவினை அதில் கிடையாது. நாளைக்குப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைக்கும் அதே உயர்வுதான். ஆக, சேராமல் இருந்தால் மாதம் நாலு தே தாரேக் (தேநீர்) உங்களுக்கு லாபம். இப்படிக் கணக்குப் போடுகிறவர்களைத் திட்டும் யூனியன்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நான் திட்டப் போவதில்லை. சட்டம் கொடுத்த வசதி அது.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வரி விட்டுப்போகிறது. அதை நான் சொல்வதுதான் பொருத்தம், ஏனென்றால் நான் மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவன். இப்போது தொழிலாளர் பிரச்சினைகளில் ஆலோசகராக இருக்கிறேன். அதற்கு முன் இருபது வருஷத்துக்கு மேல் பினாங்குத் தொழிற்சாலைகளில் மனிதவளப் பிரிவில் இருந்தேன். சந்தாவைச் சம்பளத்திலிருந்து வெட்டி யூனியனுக்கு அனுப்பி வைப்பது யார்? கம்பெனிதான். நீங்கள் எழுதிக் கொடுத்தால் மட்டுமே வெட்டலாம் என்பது 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம். அதனால் எந்தப் பிரிவில் எத்தனை உறுப்பினர், நைட் ஷிஃப்டில் எத்தனை, போன மாதம் எத்தனை பேர் விலகினார்கள் என்ற பட்டியல் மாதா மாதம் எங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும். பேச்சுவார்த்தைக்கு முதல் நாள் மேலாளர் என்னிடம் கேட்டு வாங்குவது அந்தப் பட்டியலைத்தான். யூனியன் அனுப்பிய கோரிக்கைத் தாளை அவர் அப்புறம்தான் புரட்டுவார். நூற்றுக்கு எண்பது பேர் சந்தா கட்டுகிறார்கள் என்றால், மறுநாள் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டு உட்காருவார். முப்பதுக்கு இறங்கிவிட்டது என்றால் காபி சொல்லிவிட்டு, “இதை அடுத்த மாதம் பேசலாமே” என்பார். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு யூனியன் தலைவரின் குரல்தான் கேட்கும். எங்களுக்கு அந்த எண்தான் கேட்கும்.

அந்தப் பத்து வெள்ளியின் முதல் வேலை அந்தப் பட்டியலில் உங்களை ஒரு ஆளாக எண்ண வைப்பது. வாக்கெடுப்பில் போட்ட ஓட்டு ஒரு நாளோடு முடிந்தது. சந்தா மாதா மாதம் விழும் ஓட்டு. கூட்டு ஒப்பந்தம் குறைந்தது மூன்று வருஷத்துக்கு. உங்கள் இடத்தில் முதல் ஒப்பந்தமே இன்னும் வரவில்லை என்றால், எண்ணிக்கைக்கு இப்போது இருக்கும் மதிப்பு அப்புறம் இருக்காது.

சரி, அண்ணன் விஷயத்துக்கு வருவோம்.

அவர் பயம் காற்றில் வந்த பயம் இல்லை. யூனியனில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலையை விட்டு நீக்குவதோ, மிரட்டுவதோ, பதவி உயர்வில் பாகுபாடு காட்டுவதோ கூடாது என்று தொழிலுறவுச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. மீறினால் தொழில்துறை உறவு இலாகாவில் புகார் செய்யலாம். ஆனால் “நீ யூனியன் ஆள், அதனால் உனக்குப் பதவி உயர்வு இல்லை” என்று யாரும் கடிதம் கொடுக்க மாட்டார்கள். “இன்னும் லீடர்ஷிப் போதவில்லை” என்று மதிப்பீட்டுத் தாளில் ஒரு வரி எழுதினால் முடிந்தது. அந்த மாதிரி வரிகளை எழுதச் சொல்லி என்னிடமே கேட்டிருக்கிறார்கள். ஒரு தடவை எழுதவும் செய்தேன். அதைப் பற்றி எனக்குப் பெருமை இல்லை. அதனால் ஒன்று செய்யுங்கள்: ஃபாரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், கடந்த மூன்று நான்கு வருஷத்து மதிப்பீட்டுத் தாள்களின் நகலையும் கிடைத்த பாராட்டுக் கடிதங்களையும் எடுத்து வீட்டில் வையுங்கள். சேர்ந்த பிறகு மதிப்பெண் திடீரென்று சரிந்தால், சரிந்த நாளைக் காட்ட அது உதவும்.

இன்னொன்றையும் அண்ணனுக்குச் சொல்லுங்கள். பதவி உயர்வு, இடமாற்றம், யாருக்கு எந்த வேலை என்பதையெல்லாம் கூட்டு ஒப்பந்தக் கோரிக்கையில் சேர்க்கவே கூடாது என்று அதே சட்டம் தடுத்திருக்கிறது. அவை நிர்வாகத்தின் உரிமை. யூனியனால் உங்களுக்குப் பதவி வாங்கித் தர முடியாது. ஆக, அந்த ஆசையில் சேர வேண்டாம். பிற்காலத்தில் நீங்கள் நிர்வாகப் பதவிக்கு உயர்ந்தால், சாதாரணத் தொழிலாளர்களுக்கான யூனியனிலிருந்து விலகச் சொல்ல கம்பெனிக்கு உரிமை உண்டு. லைன் லீடர் என்ற பட்டம் மட்டும் உங்களை நிர்வாகி ஆக்கிவிடாது. நீங்கள் உண்மையில் செய்யும் வேலை என்ன என்பதை வைத்துத்தான் பார்ப்பார்கள்.

வியட்நாம் கதையை நான் தொண்ணூறுகளிலிருந்து கேட்கிறேன். அப்போது சீனா என்றார்கள். மூடிவிட்டுப் போன இரண்டு தொழிற்சாலைகளின் கடைசிக் கூட்டங்களில் நான் இருந்திருக்கிறேன். இரண்டிலும் யூனியன் கிடையாது. ஆர்டர் போனது, தலைமையகம் அந்தப் பொருளையே நிறுத்தியது, அவ்வளவுதான்.

ஆனால் அண்ணன் சொல்லாமல் விட்ட ஒரு வாதம் இருக்கிறது. அதுதான் அந்தப் பக்கத்தின் நல்ல வாதம். யூனியன் இல்லாமலே நல்ல சம்பளம், நல்ல போனஸ், நல்ல மருத்துவ வசதி கொடுக்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் பாயான் லெப்பாஸில் உண்டு. அப்படி ஒன்றில் நானும் சில வருஷம் இருந்தேன். மேலாளரின் அறைக் கதவு உண்மையிலேயே திறந்திருக்கும். கேன்டீனில் அவரும் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார். அங்கே யாராவது யூனியன் என்று சொன்னால் தொழிலாளர்களே சிரிப்பார்கள். பிறகு அவர் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர் அந்தக் கதவைச் சாத்தினார். ஓவர்டைம் பட்டியல் வேண்டியவர், வேண்டாதவர் பார்த்துப் போட ஆரம்பித்தது. எந்தத் தாளிலும் எதுவும் எழுதப்படாததால், மீறப்பட்டது இன்னது என்று காட்ட யாரிடமும் எதுவும் இல்லை. நல்ல முதலாளி கிடைப்பது அதிர்ஷ்டம். அவர் இருக்கும்வரை அனுபவிக்கலாம்.

இப்போது உங்கள் மாமனார். அவரிடம் மரியாதையாகப் பேசுங்கள், அவர் வாதாடவில்லை, தன் அனுபவத்தைச் சொல்கிறார். நம் ஆட்கள் யூனியன் என்றால் என்ன என்று ஃபேக்டரியில் கற்றுக்கொள்ளவில்லை. 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது, கூலி உயர்வோடு சேர்த்து, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து என்பதும் ஒரு கோரிக்கை. கூலியும் மானமும் ஒரே தாளில் இருந்தன. போருக்குப் பிறகு அகில மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதியை 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலத்தின் அந்தப் பயத்துக்கு நடுவில், அரசு சம்மதித்த எல்லைக்குள் வளர்ந்ததுதான் 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம். பி.பி. நாராயணன் அதை நாட்டின் பெரிய சங்கங்களில் ஒன்றாக ஆக்கினார். தோட்ட முதலாளிகளின் சங்கமான மாப்பாவோடு உட்கார்ந்து கூலி ஒப்பந்தங்களைப் போட்டார்கள். அந்த ஒப்பந்தங்கள் இல்லாமல் இருந்தால் கூலி இன்னும் மோசமாகத்தான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பிறகு தோட்டங்கள் கைமாறின, துண்டு துண்டாகி வீடமைப்பும் தொழிற்பேட்டையும் ஆயின. பினாங்கின் பத்து காவான் வட்டாரத்தைப் பாருங்கள், இன்று ஃபேக்டரிகள் நிற்கும் மண் ஒரு காலத்தில் தோட்டம். தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும், கோயிலும் பள்ளிக்கூடமும் கூடவே ஆட்டம் காணும். கூலிக்காகவே பேசிப் பழகிய சங்கம், நிலம் கைமாறும்போது என்ன செய்வது என்று தெரியாமல் பல இடங்களில் கைகட்டி நின்றது. என் சித்தப்பாவும் அப்படி ஒரு தோட்டத்து லைன் வீட்டிலிருந்து சாமான்களை லாரியில் ஏற்றியவர்தான். அதனால் மாமனார் சொல்வதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அவர் வாக்கியத்தை இன்னொரு தடவை படியுங்கள்: “ஒருத்தனும் வரவில்லை.” வந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தவர் வாயில்தான் அது வரும். சங்கமே வேண்டாம் என்பவர் பேசும் பேச்சு இல்லை அது. அவர் பட்டது கெட்ட சங்கத்தின் அனுபவம். அதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது, சந்தா கட்டினால் மட்டும் போதாது, பொதுக்கூட்டத்துக்குப் போய்க் கணக்குக் கேட்க வேண்டும் என்பது. கணக்குப் புத்தகத்தைப் பார்க்க உறுப்பினருக்கு உரிமை உண்டு. எத்தனை பேர் கேட்டார்கள் என்று மாமனாரிடமே விசாரியுங்கள்.

அம்மா ஏன் ஒன்றும் சொல்வதில்லை என்பது எனக்குப் புரிகிறது. சொல்வதற்கு அவருக்கு ஒன்றும் இருந்திருக்காது. பாயான் லெப்பாஸ் சுதந்திர வணிக வட்டாரம் 1972-இல் தொடங்கியது. ஏற்கெனவே இருந்த மின்சாதனத் தொழிலாளர் சங்கம் எலக்ட்ரானிக்ஸ் பெண்களைச் சேர்க்கப் போனபோது, மின்சாதனமும் எலக்ட்ரானிக்ஸும் ஒரே மாதிரித் தொழில் இல்லை என்று தொழிற்சங்கப் பதிவாளர் தடுத்துவிட்டார். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் அந்த ஒரு விளக்கத்தால் உங்கள் அம்மாவின் தலைமுறை முழுக்க யூனியன் இல்லாமலே வேலை செய்தது. 1985-இல் எலக்ட்ரானிக்ஸ் சந்தை சரிந்து பினாங்கில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனபோது அவர்கள் சார்பில் பேச ஆள் இல்லை. 1988-இல்தான் கம்பெனிக்குள் மட்டும் இயங்கும் யூனியனுக்கு வழி விட்டார்கள். வட்டார அளவிலான எலக்ட்ரானிக்ஸ் யூனியன்களுக்கு 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘ஒரே மாதிரித் தொழில்’ என்ற அந்தக் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்ட திருத்தம் 2024 செப்டம்பர் 15-இல்தான் நடப்புக்கு வந்தது. இப்போது ஓர் இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட யூனியன்கூட இருக்கலாம். அது நல்லதா என்றால், எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். ஆள் சிதறினால் நான் மேலே சொன்ன பட்டியல் இன்னும் மெலியும். நாட்டில் தொழிலாளர்களில் நூற்றுக்கு ஆறு பேர்போல்தான் யூனியனில் இருக்கிறார்கள். அதையும் பிரித்துக்கொண்டால் என்ன மிஞ்சும்?

அப்படியானால் யூனியனால் என்ன பயன் என்று கேட்டால், எல்லோரும் சம்பள உயர்வைச் சொல்வார்கள். நான் குறைதீர் நடைமுறையைச் சொல்வேன். ஒப்பந்தத்தில் நாலைந்து பத்தி, யாரும் படிப்பதில்லை. ஒரு குறை வந்தால் முதலில் சூப்பர்வைசரிடம், இத்தனை நாளில் பதில் வராவிட்டால் மனிதவளப் பிரிவிடம், அதன் பிறகு நிர்வாகமும் யூனியனும் உட்கார்ந்து பேச வேண்டும் என்று படிப்படியாக எழுதியிருக்கும். இது எப்படி வேலை செய்கிறது என்று ஒன்று சொல்கிறேன். ஒரு தொழிற்சாலையில் ஒரு பெண்ணுக்கு ஷோ காஸ் லெட்டர் (விளக்கம் கேட்கும் கடிதம்) கொடுத்தோம். பொருள் காணாமல் போனது என்று குற்றச்சாட்டு. உள்விசாரணைக்குத் தனியாக வந்திருந்தால், மலாய்மொழியில் நீட்டிய வாக்குமூலத்தில் பயந்துபோய்க் கையெழுத்துப் போட்டிருப்பார். கூட வந்த யூனியன் ஆள் பெரிய பேச்சாளர் ஒன்றுமில்லை. “அன்றைக்கு இரவு அந்த அறைச் சாவி யார் கையில் இருந்தது, சாவிப் புத்தகத்தைக் காட்டுங்கள்” என்று ஒரே கேள்விதான் கேட்டார். புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். அந்தப் பெண் அன்று லீவு. எங்கள் தரப்பில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம், ஒருவருக்கும் அது தோன்றவில்லை என்றால் நம்புவீர்களா? தோன்ற வேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை, அதுதான் விஷயம்.

யூனியன் இல்லாதவருக்கும் சட்டம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். நியாயமில்லாமல் வேலையை விட்டு நீக்கினால் 60 நாளுக்குள் தொழில்துறை உறவு இலாகாவில் மனுக் கொடுக்கலாம். உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. சமரசம் ஆகாவிட்டால் 2021-லிருந்து அமைச்சரிடம் போகாமல் நேரே தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போகிறது. ஆனால் அது வேலை போன பிறகு கிடைக்கும் கதவு, வழக்கும் இழுக்கும். ஆட்குறைப்பும் அப்படித்தான். 4,000 வெள்ளிக்கு மேற்போகாத சம்பளக்காரருக்கு, ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்திருந்தால் வருஷத்துக்கு 20 நாள் சம்பளம் என்று 1980-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. உங்களுக்கு ஒன்பது வருஷத்துக்கு 180 நாள், சுமாராக ஆறு மாதச் சம்பளம். அது சட்டத்தின் தரைமட்டம். அதற்கு மேல் ஒரு நாள்கூட யாரும் சும்மா தருவதில்லை. நான் பார்த்த நல்ல ஒப்பந்தங்களில் அந்த நாட்கள் கூடுதலாக இருந்தன, யாரை முதலில் அனுப்புவது என்ற வரிசையும் எழுதியிருந்தது.

குறைகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். வேலைநிறுத்தம் என்று தோழி வீராவேசமாகப் பேசினால் நம்பாதீர்கள். உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு ரகசிய வாக்கில் சம்மதிக்க வேண்டும், அதற்கு மேலும் தடைகள் உண்டு. நடைமுறையில் நடக்காத காரியம். வேலைக்கு ஒழுங்காக வராதவனையும் காப்பாற்றக் கிளம்பும் யூனியன் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் ஒழுங்காக வேலை செய்பவர்களுக்கு வரும் எரிச்சல் நியாயமானது. இருபது வருஷம் ஒரே தலைவர், அவருக்கும் மேலாளருக்கும் கோல்ஃப் நட்பு என்ற கதையும் உண்டு. இன்னொன்று, உங்கள் லைனில் நேப்பாளம், வங்காளதேசத்துத் தொழிலாளர்கள் இருப்பார்கள். அவர்களும் உறுப்பினராகலாம். உங்கள் யூனியன் அவர்களிடம் ஃபாரத்தை நீட்டுகிறதா என்று கவனியுங்கள். நீட்டாவிட்டால் அது பாதி லைனுக்குத்தான் யூனியன்.

என் ஆலோசனை: சேருங்கள். செயலாளர் பதவி இப்போது வேண்டாம். ஆள் கிடைக்காத நாற்காலியில் அனுபவமில்லாதவரை உட்கார வைப்பது சிறிய யூனியன்களின் பழைய பழக்கம். கூட்டக் குறிப்பு, தொழிற்சங்க விவகார இலாகாவுக்கு வருஷாந்தர அறிக்கை, உறுப்பினர் பட்டியல் எல்லாம் செயலாளர் தலையில் விழும். முதலில் ஒரு வருஷம் சாதாரண உறுப்பினராக இருங்கள். யூனியனின் சட்டவிதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஒரு பொதுக்கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து, கணக்கு வாசிக்கும்போது யாராவது கை தூக்குகிறார்களா, தூக்கினால் தலைவர் முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். ஒப்பந்தப் பேச்சு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தோழியிடம் இன்றே கேளுங்கள். அவளுக்கே தெரியாது என்றால், யாரிடம் கேட்க வேண்டும் என்பதாவது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஃபாரத்தில் சந்தா பிடித்தத்துக்கான பகுதியில் தனியாகக் கையெழுத்துப் போட்டு, ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதச் சம்பளச் சீட்டில் அந்தப் பத்து வெள்ளி பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிடித்திருந்தும் உறுப்பினர் அட்டை வராவிட்டால் யூனியன் அலுவலகத்துக்கு எழுதுங்கள். பிடிக்கவே இல்லை என்றால் மனிதவளப் பிரிவுக்கு எழுதுங்கள், வாயால் கேட்க வேண்டாம்.